உங்களுக்குத் தெரியுமா? மட்கார்டைக் கழற்றினால் மைல் கூடும்!

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கிறது திருவரங்குளம். வெளியூர்க்காரர்கள் அரங்குளநாதர் கோயிலைத் தேடி வருவார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் பந்தய மாட்டைப் பற்றியும் பேசுவார்கள். பொங்கலோ கோயில் திருவிழாவோ வந்தால் போதும், இந்த வட்டாரத்துத் தார்ச்சாலைகளில் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் களைகட்டிவிடும்.

பந்தய வண்டியைக் கிட்டப்போய் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வைக்கோல் ஏற்றுகிற வண்டியில் இருப்பதில் பாதி அதில் இருக்காது. கூண்டு இல்லை, பக்கத்து முளைக்குச்சி இல்லை. அச்சு, சக்கரம், ஏர்க்கால், நுகத்தடி, உட்கார ஒரு துண்டு இடம், அவ்வளவுதான். சுமை ஏற்ற வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டால் வண்டியில் எதெல்லாம் வேண்டாததாகிவிடுகிறது பாருங்கள்!

நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்கப் பையன்கள் இதே வேலையை ஃபோர்டு காரில் செய்தார்கள். அதன் பெயர் ஸ்பீட்ஸ்டர். இந்த இதழில் அந்தக் கழற்றல், மாட்டல் கதைகள்.

*

எல்கை என்பது எல்லைதான். எல்லையைத் தொட்டுத் திரும்பி வருவதால் எல்கைப் பந்தயம். "போக வர 8 மைல்" என்று நோட்டீஸில் இன்றைக்கும் மைல் கணக்கில்தான் போடுவார்கள்; கிலோமீட்டர் இன்னும் பந்தயச் சாலைக்கு வந்து சேரவில்லை. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று பிரிவுகள். அதற்கும் கீழே போனால் கரிச்சான், பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு. மாட்டுக்குப் பறவைப் பெயரை வைத்தவன் வேகம் என்றால் என்னவென்று தெரிந்தவன்.

*

ஃபோர்டின் 'மாடல் டி' கார் 1908 அக்டோபரில் வந்தது, 1927 மே மாதத்தில் நின்றது. மொத்தம் 1.5 கோடி வண்டிகள். 2.9 லிட்டர் எஞ்சின், ஆனால் 20 குதிரைத் திறன்தான். மணிக்கு 65, 70 கிலோமீட்டர் போனால் பெரிது. ஆரம்பத்தில் 850 டாலர் விற்றது, 1925இல் இரண்டு பேர் உட்காரும் ரகம் 260 டாலருக்கு இறங்கியது. புதுசே அந்த விலை என்றால் செகண்ட்ஹாண்ட் எவ்வளவு இருந்திருக்கும்! இருபது வயதுப் பையன் கைக்காசில் வாங்கக்கூடிய கார் உலகத்தில் முதல் தடவையாகத் தெருவுக்கு வந்தது. அவன் செய்த முதல் வேலை, அதைப் பிரித்துப் போட்டது.

*

பிரிப்பது சுலபம். இன்றைய கார்களைப் போல உடம்பும் எலும்பும் ஒன்றாகப் பற்றவைத்தது இல்லை அது. கீழே சேசிஸ், அதன்மேல் மரச்சட்டத்தில் தகடு அடித்த பாடி, இரண்டையும் பிடித்திருப்பது சில போல்ட்டுகள். ஒரு ஸ்பானரும் தூக்கிவிட நாலு கூட்டாளிகளும் இருந்தால் சாயங்காலத்துக்குள் பாடி தரையில் இருக்கும். மட்கார்டு, படிப்பலகை, துணிக்கூரை, பின் சீட்டு எல்லாம் கொட்டகைக்குப் போகும். ரகத்துக்கு ஏற்ப 540 முதல் 750 கிலோ வரை எடையுள்ள காரில் நூறு கிலோ குறைந்தால் அதே எஞ்சினுக்கு ரெக்கை முளைத்த மாதிரி.

*

கழற்றின இடத்தில் என்ன வைப்பது? அதற்குத்தான் தபால் கேட்டலாக். சியர்ஸ் ரோபக், மாண்ட்கோமரி வார்டு போன்ற பெரிய தபால் வியாபாரிகளின் கேட்டலாக்கில் சட்டை, கலப்பை, தையல் மிஷினோடு டி காருக்கான சாமான்களும் பக்கம் பக்கமாக இருந்தன. தனியாக ஸ்பீட்ஸ்டர் பாடி மட்டும் கட்டி விற்ற கம்பெனிகள் உண்டு. மெர்க்குரி, ஏம்ஸ் என்றெல்லாம் பெயர். பணம் கட்டினால் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்புவார்கள். முன்னே கூர்மூக்கு பானெட், நடுவே குழிவான இரண்டு சீட்டு, பின்னே வால் போலக் கூம்பி முடியும் தகடு. கண்ணாடி வேண்டும் என்றால் ஓட்டுகிறவன் முகத்துக்கு மட்டும் வட்டமாக ஒரு சில்லு, ஸ்டியரிங் கம்பியில் கவ்வி நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்தவன் பூச்சியை வாயால் பிடிக்க வேண்டியதுதான்.

சீட்டுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி உருண்டையாக ஒரு பெட்ரோல் டேங்க். பார்க்க ஜோர். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டி காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும், ஓவர்ஹெட் டேங்கிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருகிற மாதிரி. சாதாரண டி காரில் டேங்க் சீட்டுக்கு அடியில்; செங்குத்தான மேட்டில் ஏறும்போது மூக்கு தூக்கிக்கொள்ள, பெட்ரோல் வராமல் எஞ்சின் நின்றுபோகும். அதனால் காரைத் திருப்பி ரிவர்ஸில் மேடேற்றுவார்கள்! ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஸ்பீட்ஸ்டர் கட்டுகிறவன் அந்தப் பீப்பாயைக் கார்புரேட்டருக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் கைப்பம்பால் டேங்குக்குள் காற்று அடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

*

டி காரில் மூன்று பெடல்கள். ஆனால் ஆக்சிலேட்டர் அதில் இல்லை! இடது பெடல் கியர், நடுப்பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்குச்சியாக இருக்கும். இன்றைக்கு ஓட்டுகிற நம்மில் யாரை உட்காரவைத்தாலும் வேகம் எடுக்க நினைத்து பிரேக்கை மிதிப்போம். பரவாயில்லை, பாதுகாப்புதான்.

*

அந்த பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்ப் பெட்டிக்குள் ஒரு பட்டையை இறுக்கும், அவ்வளவே. வழியில் ஷாஃப்ட்டோ ஆக்சிலோ உடைந்தால் மிதிக்க மிதிக்க ஒன்றும் நடக்காது. வேகம் ஏற்றினவர்களுக்கு இது சீக்கிரமே புரிந்தது. பின்சக்கரத்தில் நேரடியாகப் பிடிக்கும் 'ராக்கி மவுண்டன்' பிரேக் என்ற வெளிச் சாமான் அப்படித்தான் பிரபலமானது. நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டைதான் பிரேக், அதுவும் சக்கரத்துக்கே நேராகப் போடுவது. முட்டுக்கட்டை போடுகிற ஆசாரி இல்லாமல் தேர் நிலையை விட்டு நகராது. ஹென்றி ஃபோர்டு ஒருமுறை தேரோட்டம் பார்த்திருக்கலாம்.

*

நம் மெக்கானிக்குகளிடம் இரண்டே ஜாதி உதிரிபாகம்தான்: கம்பெனி சாமான், வெளிச் சாமான். "கம்பெனி சாமானே போட்டுடுவோம் அண்ணே" என்றால் தரம் என்று பொருள். ஸ்பீட்ஸ்டர் உலகில் கணக்கு தலைகீழ். அங்கே கம்பெனி சாமானுக்கு மதிப்பில்லை. வெளிச் சாமான், அதுவும் 1927க்கு முன்னால் வார்த்த வெளிச் சாமான் கிடைத்துவிட்டால் அதுதான் தங்கம்.

*

அந்தத் தங்கத்தில் ஒன்று 'ராஜோ' ஹெட், அதாவது எஞ்சினின் தலைமூடி. பெயரைக் கேட்டால் நம்மூர் ராஜு என்று தோன்றும். ரேசின் என்ற ஊர்ப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தும் ஜோ என்ற ஆள் பெயரும் ஒட்டிக்கொண்டதுதான் ராஜோ. ஜோ யாகர்ஸ்பெர்கர் ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பந்தய ஓட்டுநர். 1911இல் நடந்த முதல் இண்டியனாபோலிஸ் 500 பந்தயத்தில், ரேசின் ஊர் 'கேஸ்' கம்பெனியின் காரை ஓட்டினார். அதே வருடக் கடைசியில் தென் கரோலினாவில் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். இனி பந்தயம் ஓட்ட முடியாது என்று ஆனபின், மற்றவர்கள் வேகமாக ஓட்டுவதற்கான சாமானை வார்க்க ஆரம்பித்தார்.

ஹெட் மாற்றினால் என்ன ஆகும்? டி எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். பெட்ரோல் கலந்த காற்று வளைந்து நெளிந்து உள்ளே போய், அதே மாதிரி வளைந்து வெளியே வர வேண்டும். கூட்ட நேரத்தில் ஒரே வாசல் உள்ள கல்யாண மண்டபம் மாதிரி. ராஜோ போன்ற ஹெட்டுகள் வால்வைச் சிலிண்டரின் உச்சிக்குக் கொண்டுபோயின. மூச்சு நேராக இறங்கியது, பலம் கூடியது. ஆனால் அடியில் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் அதே பழைய ஒல்லி ஷாஃப்ட்தான், மூன்றே பேரிங்கில் நிற்பது. தலையை மட்டும் பெரிதாக்கி இடுப்பைக் கவனிக்காமல் விட்டவர்களின் எஞ்சின் நடுரோட்டில் இரண்டாகப் போனதுண்டு.

*

இதைவிடச் சுவையானது ஃபிரான்டெனாக் கதை. லூயி செவர்லே தன் பெயரையே காருக்குக் கொடுத்தவர். ஆனால் கூட்டாளியோடு மனக்கசப்பு வந்து செவர்லே கம்பெனியிலிருந்து வெளியேறினார்; பெயர் அங்கேயே தங்கிவிட்டது. பிறகு தம்பிகள் ஆர்தர், காஸ்டனோடு சேர்ந்து ஃபிரான்டெனாக் என்ற பெயரில் பந்தயக் கார் கட்டினார். 1920இல் இண்டியனாபோலிஸில் ஜெயித்தது தம்பி காஸ்டன். 1921இலும் ஃபிரான்டெனாக் காருக்கே வெற்றி. ஆனால் கோப்பையை உலையில் போட்டுப் பொங்க முடியாதே! பிழைப்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபோர்டு காருக்கு ஹெட் செய்து விற்றார்கள். செவர்லே கையால் செய்த தலை, ஃபோர்டு உடம்பில்! அந்த வண்டிகளுக்கு 'ஃபிரான்டி ஃபோர்டு' என்று பெயர்.

சந்தைச் சரக்குதானே என்று நினைக்க வேண்டாம். 1923 இண்டியனாபோலிஸ் 500இல் எல். எல். கோரம் ஓட்டிய ஃபிரான்டி ஃபோர்டு 5ஆவது இடத்தில் வந்தது. 500 மைலுக்கும் சேர்த்து சராசரி வேகம் மணிக்கு 80 மைலுக்கு மேல். விலையுயர்ந்த, பந்தயத்துக்கென்றே பிறந்த கார்களுக்கு நடுவே, விவசாயி சந்தைக்குப் போகிற வண்டியின் எஞ்சின்! அடுத்த வருடம் அதே பந்தயத்துக்கு நடுவராக வந்து நின்றவர் ஹென்றி ஃபோர்டு.

*

ஹெட்டுக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு எளிய வழி, பின் ஆக்சில். டி காரின் கிரவுன் பினியனில் பல் கணக்கு 40க்கு 11. எஞ்சின் மூன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அதை 39க்கு 13 என்று மாற்றினால் மூன்றுக்கு ஒன்று. சமதரையில் பறக்கும். மேட்டில் திணறும். மேட்டுக்கும் மருந்து இருந்தது: 'ரக்ஸ்டெல்' என்ற இரட்டை வேக ஆக்சில். குச்சியை ஒரு பக்கம் நகர்த்தினால் மேட்டுக் கணக்கு, மறுபக்கம் நகர்த்தினால் சமதரைக் கணக்கு. இரண்டே கியர் இருந்த காருக்கு நாலு கியர் கிடைத்தது. வெளிச் சாமான்களிலேயே ஃபோர்டு டீலர்கள் தங்கள் கடையில் வைத்து விற்ற சிலவற்றில் இது ஒன்று.

*

1916 வரை டி கார் இரண்டு அகலத்தில் கிடைத்தது. சாதாரணமாக இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைவெளி 56 அங்குலம். அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு மட்டும் 60 அங்குலம். காரணம் வண்டித்தடம்! அங்கே குதிரை வண்டிகள் ஓடி ஓடி மண்சாலையில் 60 அங்குலத்தில் பள்ளம் விழுந்திருந்தது. 56 அங்குலக் கார் போனால் ஒரு சக்கரம் பள்ளத்தில், ஒன்று மேட்டில். கார் வந்து வண்டியை ஒழித்தது என்று சொல்கிறோம். முதலில் வண்டி போட்ட தடத்தில்தான் கார் போக வேண்டியிருந்தது.

*

1909இல் நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை ஒரு பந்தயம். பாடியெல்லாம் கழற்றிய இரண்டு டி கார்களை அனுப்பினார் ஃபோர்டு. ஒன்று 22 நாளில் போய் முதலில் நின்றது. ஊரெல்லாம் விளம்பரம், விற்பனை. சில மாதம் கழித்து, வழியில் எஞ்சினை மாற்றியது தெரிந்து வெற்றி பறிக்கப்பட்டது. அதற்குள் விற்ற கார் விற்றதுதான்.

*

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840இல் குதிரை வண்டி கட்டத்தான் ஆரம்பித்தது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியில் ஓடும் ஒரு காரையே கட்டி ஓட்டிக் காட்டினார். அதன்பின் வெளிநாட்டிலிருந்து சேசிஸ் மட்டும் இறங்கும், பாடி இங்கே கட்டுவார்கள் என்ற வழக்கம் கார், பஸ், லாரி மூன்றுக்கும் நிலைத்துவிட்டது. இன்றைக்கு பஸ் பாடிக்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், திருச்செங்கோடு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த மரபின் கொழுந்துகள். 'பாடி கட்டுவது' என்று சொல்கிறோமே, கவனித்தீர்களா? வீடு கட்டுவது போல, தாலி கட்டுவது போல. செய்வது, தயாரிப்பது என்ற சொல் பட்டறையில் எடுபடவில்லை.

*

இந்தியாவுக்கு வந்த டி கார்களின் பிறந்தகம் அமெரிக்கா என்று நினைத்தால் தவறு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகளுக்கு விற்கும் உரிமை கனடா ஃபோர்டு கம்பெனியிடம் இருந்தது. வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்து அங்கிருந்து வந்தன. 1926இல் அதே கனடாக் கம்பெனிதான் இங்கே ஃபோர்டின் இந்தியக் கிளையைத் தொடங்கியது. இந்தியாவில் ஸ்பீட்ஸ்டர் கட்ட ஆசைப்படுகிறவருக்கு இது வெறும் வரலாறு இல்லை. அமெரிக்காவிலிருந்து ஸ்டியரிங் சாமான் தருவித்தால் அது இடக்கைக்கு வந்து நிற்கும்.

*

வெளிச் சாமான் எல்லாமே வேகத்துக்குத்தான் என்று இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, மதுரையில் 1912இல் பஸ் ஓட்ட ஆரம்பித்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரிவாயு அடுப்பு ஒன்றை வடிவமைத்தது. 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று பெயர். பஸ்ஸில் பொருத்தி, அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். இழுவை நன்றாகவே குறையும். ஓடுகிறதே, அது போதாதா?

*

ஸ்பீட்ஸ்டர் மனசு நம்மிடம் முழுதாக வெளிப்பட்ட இடம் சோழவரம். செங்குன்றத்தை அடுத்த போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வருகிறவரை சோழவரம்தான் எல்லாம். வெளிநாட்டு பந்தயக் கார் வாங்க ராஜாக்களுக்கும் பெரிய முதலாளிகளுக்கும் முடிந்தது. மற்றவர்கள்? ஃபியட் எஞ்சினையோ ஹெரால்டு எஞ்சினையோ எடுத்து, குழாயை வளைத்து, தகடு தட்டி, தாங்களே கட்டினார்கள். 'ஸ்பெஷல்' என்று அவற்றுக்குப் பெயர்.

*

ஹெரால்டு என்றேனா? 1961 முதல் சென்னையில் செய்த அந்த ஸ்டாண்டர்டு காருக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற கார்களெல்லாம் உடம்பும் சட்டமும் ஒன்றாகிவிட்ட காலத்தில், ஹெரால்டு மட்டும் பழையபடி தனி சேசிஸ் மேல் போல்ட் போட்ட பாடியோடு வந்தது. பட்டறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

*

கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் இந்த வித்தையை அடுத்த படிக்குக் கொண்டுபோனார். மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரில் வைத்து 'ஃபார்முலா மாருதி' செய்தார். பழுதானால் எந்த ஊர்க் கடையிலும் சாமான் கிடைக்கும். அதுதான் அதன் ரகசியம். பின்னாளில் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இங்கே ஓட்டிப் பழகியது இந்த வகை வண்டியில்தான். கரிவரதன் 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர்.

*

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிக்கு நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ரிப்பேர், பெட்ரோல் போட என்று குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் சாலைக்கு வரலாம், தினசரி ஓட்டக்கூடாது. முக்கிய நிபந்தனை: சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும்.

அப்படியானால் 1922இலேயே பாடியைக் கழற்றி எறிந்து, 1924இல் ராஜோ ஹெட் போட்ட வண்டி? மாற்றம் செய்தே நூறு வருடம் ஆகிவிட்டதே, அது மூல வடிவமா இல்லையா? என்னைக் கேட்டால், கம்பெனி எப்படி அனுப்பியது என்பதைவிட அந்தக் காலத்து ஆள் அதை என்ன செய்தான் என்பதற்குத்தான் சரித்திர மதிப்பு அதிகம். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் வேறு பதில் வரக்கூடும்.

*

டி கார் தயாரிப்பு 1927இல் நின்றது என்றேன் அல்லவா? எஞ்சின் நிற்கவில்லை. மாற்று எஞ்சின் கேட்டு வந்தவர்களுக்காக அதை மட்டும் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தார்கள். கடைசி டி எஞ்சின் வெளியே வந்த நாள் 1941 ஆகஸ்ட் 4.